தேக்குக் கிண்ணமும் அதற்குள் அடைபட்ட காற்றும்

யாங்கோனில் எங்கள் வீடு அனவ்ரதா சாலையை ஒட்டிய குறுக்குத்தெரு ஒன்றில், மூன்றாம் மாடியில் இருக்கிறது. மின்சாரம் நின்றால் கீழே ஒவ்வொரு கடை வாசலிலும் ஜெனரேட்டர் ஓடத் தொடங்கும். மின்சாரம் இருந்தாலோ பேருந்துகளின் ஒலிப்பானும் கோயில் மணியும் மாறி மாறி வந்துகொண்டிருக்கும். இந்த வீட்டில் இரவு ஒன்பது மணிக்கு மேல் நாதஸ்வரக் கச்சேரி ஒன்றை முழுதாகக் கேட்க வேண்டுமானால், பின்புறம் மூடிய ஹெட்ஃபோனைத் தவிர வேறு வழி இல்லை. பின்புறம் திறந்தவை இன்னும் விசாலமாக ஒலிக்கும் என்பது உண்மைதான். ஆனால் அவை வெளிச் சத்தத்தை உள்ளே விடும், உள்ளே ஒலிப்பதை அடுத்த அறையில் தூங்கும் அம்மாவின் காதுவரை கொண்டுபோகும்.

என்னிடம் இருப்பது 40 மி.மீ. டிரைவர் (ஒலியை எழுப்பும் சவ்வுள்ள பகுதி) கொண்ட, நடுத்தர விலையுள்ள ஒரு ஹெட்ஃபோன். டிரைவரின் பின்புறத்தை மூடும் பிளாஸ்டிக் கிண்ணங்களைக் கழற்றிவிட்டு, மரத்தில் கடைந்த கிண்ணங்களைப் பொருத்தும் வேலையில் நான்கு ஆண்டுகளாக ஈடுபட்டிருக்கிறேன். இதுவரை நான்கு ஜோடிகள் செய்தாகிவிட்டன. மரக் கிண்ணம் பொருத்தியவர்கள் அனைவரும் சொல்லும் "மரத்தின் இதமான ஓசை" என்ற சொல்லை முதலில் நானும் நம்பினேன். இன்று நான் நம்புவது வேறு. மரக் கிண்ணம் ஒலியை மாற்றுகிறது, அதுவும் நன்றாகவே மாற்றுகிறது. ஆனால் அந்த மாற்றத்தில் பெரும்பங்கு மரத்தினுடையது அல்ல, மரம் சூழ்ந்து நிற்கும் காற்றினுடையது.

மரத்துக்குக் குரல் உண்டு என்ற நம்பிக்கை நமக்கு வாத்தியங்களிலிருந்து வந்தது. வீணையின் குடம் பலா, மிருதங்கத்தின் கட்டை பலா, நாதஸ்வரத்துக்கு ஆச்சா. இங்கே பர்மியரின் சவுங் என்ற வளைந்த யாழுக்கு உடல் பிடாக் மரம், மேலே மான்தோல். வீணையில் தந்தியின் அதிர்வு குதிரை வழியாக நேரே மரப் பலகைக்குள் இறங்குகிறது. பலகை அதிர்ந்து அறைக்குள் ஒலியைத் தள்ளுகிறது. ஆகவே வீணைக்கு மரம் குரல்தான். ஹெட்ஃபோனில் ஒலியைப் பிறப்பிப்பது மெல்லிய சவ்வு. கிண்ணம் அதற்குப் பின்னால் நிற்கும் சுவர் மட்டுமே. அந்த வகையில் ஹெட்ஃபோன் கிண்ணம் வீணைக் குடத்துக்கு உறவல்ல, நாதஸ்வரத்துக்குத்தான் உறவு. நாதஸ்வரத்தில் ஒலிப்பது உள்ளே நிற்கும் காற்றுத்தூண். அதைச் செய்யும் ஆசாரியின் திறமையெல்லாம் உள்துளையின் சரிவில்தான் இருக்கிறது.

பெரிய நிறுவனங்கள் மரத்தை நாடியதற்கும் நீண்ட வரலாறு உண்டு. 1989-இல் வந்த சோனி எம்டிஆர்-ஆர்10 ஹெட்ஃபோனின் கிண்ணங்கள் ஜப்பானிய ஜெல்கோவா மரத்தில் குடையப்பட்டவை. டெனான் ஏஎச்-டி5000-க்கு மஹோகனி, அதே நிறுவனத்தின் பிற்கால ஏஎச்-டி9200-க்கு மூங்கில், ஆடியோ-டெக்னிக்கா டபிள்யூ5000-க்குக் கருங்காலி, ஃபாஸ்டெக்ஸ் டிஎச்900-க்கு ஜப்பானிய பிர்ச் மரமும் அதன்மேல் உருஷி என்ற அரக்குப் பூச்சும். பின்னர் ஃபாஸ்டெக்ஸ் டிஎச்-எக்ஸ்00 என்ற பெயரில் ஒரே அடிப்படை அமைப்பு மஹோகனி, பர்பிள்ஹார்ட், கருங்காலி என்று மூன்று மரங்களில் விற்கப்பட்டபோது, எது இனிமை என்ற விவாதம் உலகெங்கும் மூண்டது. அந்த விவாதத்தைப் படித்துத்தான் எனக்கும் ஆசை பிறந்தது. தேக்கு விளையும் நாட்டில் இருந்துகொண்டு தேக்கில் ஒன்று செய்யாமல் இருப்பது எனக்கு முறையாகப் படவில்லை.

வேலைக்குள் போகுமுன் இயக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். சவ்வு முன்னால் நகரும்போது காதுப் பக்கம் அழுத்தம் கூடுகிறது. அதே கணத்தில் பின்பக்கம் அழுத்தம் குறைகிறது. அதாவது காதுக்குப் போகும் ஒலிக்கு நிகரான ஒலி ஒன்று கிண்ணத்துக்குள்ளும் போகிறது. திறந்த ஹெட்ஃபோனில் அது வெளியே போய்விடும். மூடியதில் அது சுவரில் மோதித் திரும்புகிறது. தேக்கானாலும் பிளாஸ்டிக்கானாலும், காற்றிலிருந்து வரும் ஒலியாற்றலில் 99 விழுக்காட்டுக்கும் மேல் திண்மையான சுவரிலிருந்து திரும்பிவிடும். காற்றின் எதிர்ப்புக்கும் திடப்பொருளின் எதிர்ப்புக்கும் உள்ள வேறுபாடு அவ்வளவு பெரிது. எனவே "மரம் ஒலியை உறிஞ்சிக்கொள்கிறது" என்ற பேச்சுக்கு இடமே இல்லை, அதிலும் வார்னிஷ் பூசிய மரத்துக்கு நிச்சயமாக இல்லை. திரும்பிய ஒலி சவ்வின் முதுகில் வந்து படுகிறது. சவ்வோ தாளைவிட மெல்லியது. அது அந்த ஒலியைத் தடுப்பதில்லை. சிறிது நேரம் கழித்து, சற்றே மங்கலாக, அதுவும் நம் காதுக்கு வந்து சேர்கிறது. மூடிய ஹெட்ஃபோன்களில் நாம் "டப்பாவுக்குள் பாடுவது போல" என்று குறை சொல்வது இந்தத் தாமதமான ஒலியைத்தான்.

இதை நான் முதல் ஜோடியில் அனுபவத்தால் கற்றேன். மோல்மினில் பெரியப்பாவின் பழைய வீட்டைப் பிரித்தபோது, ஒரு தேக்கு வாசற்கால் எனக்குக் கிடைத்தது. ஆங்கிலேயர் காலத்தில் தேக்கு ஏற்றுமதிக்குப் பெயர்போன துறைமுகம் அந்த ஊர். அங்கே பழைய வீடுகளில் தேக்குக்குப் பஞ்சமில்லை. பல பத்தாண்டுகள் வெயிலும் மழையும் பார்த்த மரம், வெளிப்புற மென்மரமான வெள்ளை சிறிதும் இல்லாத, வைரம் பாய்ந்த சுத்தமான உள்மரம். அறுத்தபோது உள்ளிருந்து எண்ணெய்ப் பிசுக்கும் தோல் பதனிட்டது போன்ற மணமும் வந்தன. கடைசல் பட்டறை நடத்தும் பெரியவர் ஒருவரிடம் கொடுத்து, உட்புறம் அரைக்கோளமாக, 35 மி.மீ. ஆழத்தில், கண்ணாடிபோல் வழவழப்பாக வேண்டும் என்று கேட்டேன். அவர் உளியை நிறுத்திவிட்டு, "தம்பி, உள்ளே இவ்வளவு வழவழப்பு எதற்கு? வெளியேதானே பார்ப்பார்கள்?" என்றார். "இல்லை ஐயா, உள்ளே வழவழப்பாக இருந்தால்தான் ஒலி தெளிவாக வரும்" என்று சொன்னேன். அவர் கேட்டதுதான் சரியான கேள்வி.

பொருத்திக் கேட்டபோது கீழ் ஸ்தாயி கனமாக, நிறைவாக வந்தது. தவிலின் தொப்பி அடி மார்பில் படுவது போலிருந்தது. ஆனால் கைத்தாளம் ஒலிக்கும்போதெல்லாம் உலோகத்தைச் சுரண்டுவது போன்ற ஒரு கூர்மை கூடவே வந்தது. பாடகர் "ச", "ஸ" உச்சரிக்கும் இடங்கள் ஊசிபோல் குத்தின. பழைய பிளாஸ்டிக் கிண்ணத்தில் இந்தக் குறை இந்த அளவுக்கு இல்லை. ஒரு வாரம் காது பழகிவிடும் என்று காத்திருந்தேன். பழகவில்லை.

காரணம் வடிவம். அரைக்கோளத்தின் மையத்தில் டிரைவர் உட்கார்ந்திருக்கிறது. மையத்திலிருந்து புறப்படும் ஒலி உட்சுவரின் எந்தப் புள்ளியில் பட்டாலும் அதே 35 மி.மீ. தூரம் பயணம் செய்து, அதே நேரத்தில், அதே மையத்துக்குத் திரும்பும். குழிவான ஆடி வெயிலைக் குவிப்பது போல, நான் எதிரொலி முழுவதையும் சவ்வின் மேல் குவித்திருந்தேன். எங்கள் ஊர் வெப்பத்தில், 30 பாகை செல்சியஸில், ஒலி நொடிக்கு ஏறத்தாழ 349 மீட்டர் போகிறது. போக வர 70 மி.மீ. என்றால், ஓர் அலை முழுதாக அதற்குள் அடங்கும் அதிர்வெண் ஏறத்தாழ 5,000 ஹெர்ட்ஸ். சிறிய மைக் ஒன்றை அட்டையில் பதித்து, அதன்மேல் ஹெட்ஃபோனை வைத்து, கணினியில் அளவீட்டு மென்பொருளை ஓட்டிப் பார்த்தபோது, வரைகோட்டில் 5,000-ஐச் சற்றே தாண்டிய இடத்தில் ஒரு குன்று நின்றது. ஒலி நின்ற பிறகும் அந்தக் குன்று மட்டும் மெல்ல மெல்லக் கரைந்தது.

இரண்டாம் ஜோடியில் அடிப்பகுதியைச் சாய்வாக வெட்டச் சொன்னேன். ஒரு பக்கம் ஆழம் 40 மி.மீ., எதிர்ப் பக்கம் 28. உட்சுவரில் உளியின் வரிகள் அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். இவ்வளவு சிறிய வரிகள் 5,000 ஹெர்ட்ஸ் அலையைச் சிதறடிக்கப் போதாது என்பது எனக்குத் தெரியும். அந்த அலையின் நீளமே 7 செ.மீ. சாய்வுதான் வேலை செய்தது. குன்று இரண்டு மூன்று சிறு மேடுகளாக உடைந்து தணிந்தது. மீதியைப் பஞ்சு பார்த்துக்கொண்டது.

இனி அந்தக் கனமான கீழ் ஸ்தாயிக்கு வருகிறேன், ஏனென்றால் மரத்தின் இதம் என்று எல்லோரும் கொண்டாடுவது அதைத்தான். பிளாஸ்டிக் கிண்ணத்தையும் தேக்குக் கிண்ணத்தையும் மேசையில் வைத்து, இரண்டிலும் கடுகை நிரப்பித் தட்டிச் சமமாக்கி, அந்தக் கடுகை மருந்துக்கடை அளவுக் குவளையில் கொட்டி அளந்தேன். தண்ணீர் ஊற்றினால் மரம் குடித்துவிடும். கடுகு உருண்டையாக இருப்பதால் மூலையெல்லாம் ஓடி நிறைக்கும். பிளாஸ்டிக்கில் ஏறத்தாழ 60 மி.லி., தேக்கில் 90. அடைபட்ட காற்று ஒரு சுருள்வில் போன்றது. இடம் சிறிதானால் வில் விறைப்பாகும், சவ்வு பின்னால் போக மறுக்கும், கீழ் ஸ்தாயி மெலியும். இடம் பெரிதானால் வில் தளரும், சவ்வு தாராளமாக நகரும். நான் மரத்தை மாற்றியபோது, அறியாமலே காற்றின் அளவையும் ஒன்றரை மடங்காக்கியிருந்தேன்.

சந்தேகம் தீர, குழந்தைகள் விளையாடும் களிமண்ணைத் தேக்குக் கிண்ணத்தின் அடியில் அழுத்தி, கொள்ளளவை 60 மி.லி.க்குக் கொண்டுவந்தேன். மரம் அதே மரம், வைரம் அதே வைரம். கீழ் ஸ்தாயி பழைய பிளாஸ்டிக் கிண்ணத்தின் கோட்டோடு கோடாக வந்து படிந்தது. அன்று அந்த இரண்டு கோடுகளையும் திரையில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பார்த்தபோது ஏற்பட்ட மகிழ்ச்சி, புதிய ஹெட்ஃபோன் வாங்கிய நாளிலும் எனக்கு வந்ததில்லை.

அப்படியானால் மரத்துக்குப் பங்கே இல்லையா என்று கேட்கலாம். இருக்கிறது, ஆனால் அது தடிமன் வழியாக வருகிறது. பிளாஸ்டிக் கிண்ணத்தின் சுவர் 2 மி.மீ.; என் தேக்குச் சுவர் 8 மி.மீ. ஒரு பலகை வளையாமல் நிற்கும் விறைப்பு தடிமனின் மும்மடியில் கூடுகிறது: நான்கு மடங்கு தடிமன், அறுபத்து நான்கு மடங்கு விறைப்பு. நார் ஓடும் திசையில் தேக்கு அந்தப் பிளாஸ்டிக்கைவிடப் பல மடங்கு உறுதியானது, நாருக்குக் குறுக்கே பிளாஸ்டிக்கைவிட நெகிழ்வானது. ஆனாலும் தடிமன் இந்தக் குறையை விழுங்கிவிடுகிறது. மெல்லிய பிளாஸ்டிக் சுவர் தானும் அதிர்ந்து நடு ஸ்தாயியில் ஒரு கலங்கலைச் சேர்க்கிறது. அதே பிளாஸ்டிக்கின் உட்புறத்தில், கார் கதவுகளுக்குள் ஒட்டும் பியூட்டைல் தாளை ஒட்டியபோது அந்தக் கலங்கல் பெருமளவு அடங்கியது. கையில் காசு இல்லாதவர்கள் கடைசல் பட்டறைக்குப் போகுமுன் இதைச் செய்து பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

மரத்துக்கு மரம் வேறுபாடு உண்டா என்பதையும் பார்த்தேன். பிடாக் இங்கே சித்திரை மாதத் தண்ணீர்த் திருவிழாவின்போது மஞ்சளாகப் பூக்கும் மரம், நம் வேங்கைக்கு நெருங்கிய உறவு, தேக்கைவிடக் கனமானது. இரண்டாம் ஜோடியின் அளவிலேயே பிடாக்கில் ஒரு ஜோடி கடைந்தேன். கிண்ணம் ஒன்றுக்கு 15 கிராம் போல எடை கூடியது. எடையைக் கொண்டே எது எது என்று கண்டுபிடித்துவிடலாம் என்பதால், தேக்குக் கிண்ணத்தின் வெளிப்புறத்தில் தூண்டில் ஈயக் குண்டுகளை நாடாவில் ஒட்டிச் சமப்படுத்தினேன். அக்கா மகன் என் கண்ணைக் கட்டி, ஒவ்வொரு முறையும் கிண்ணத்தை மாற்றி மாட்டினான்; கிண்ணம் மாற்றச் சில நிமிடங்கள் ஆவதால் காதின் நினைவு அதற்குள் மங்கிவிடும் என்ற குறை இந்தச் சோதனையில் உண்டு. பன்னிரண்டு முறை கேட்டு, ஏழு முறை சரியாகச் சொன்னேன். நாணயம் சுண்டினாலும் அவ்வளவு வரும். பிறகு அவனே மாட்டிக் கேட்டுவிட்டு, "மாமா, எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் கேட்கிறது, மெத்தை மட்டும் ஒரு தடவை சரியாக உட்காரவில்லை" என்றான். அளவீடும் அதையேதான் சொன்னது. ஒரே கிண்ணத்தைக் கழற்றி மறுபடி மாட்டினாலே 6,000 ஹெர்ட்ஸுக்கு மேல் இரண்டு மூன்று டெசிபல் மாறுகிறது. தேக்குக்கும் பிடாக்குக்கும் இருந்த இடைவெளி அதைவிடச் சிறியது.

மெத்தை என்று அவன் சொன்னது முக்கியமானது. கிண்ணத்துக்காகச் செலவிட்ட உழைப்பில் பாதியைக் காது மெத்தைக்குச் செலவிட்டிருந்தால் பலன் இரட்டிப்பாகியிருக்கும். மெத்தைக்கும் கன்னத்துக்கும் நடுவே மயிரிழை இடைவெளி இருந்தாலும் கீழ் ஸ்தாயி வழிந்து போய்விடும். கனமான மரக் கிண்ணம் மெத்தையைக் கீழே இழுத்து, தாடைக்குப் பின்னால் இப்படிப்பட்ட இடைவெளியைத் திறக்கக்கூடும். கருங்காலி போன்ற மிகக் கனமான மரங்களை நான் தேடிப் போகாததற்கு இதுவே காரணம்.

இதே தொல்லை பருவத்தாலும் வந்தது. பிடாக் ஜோடிக்கு வாங்கிய கட்டை முழுதாகக் காயாதது. காய்ந்தது என்று விற்றவர் சொன்னதை நான் சோதிக்காமல் வாங்கினேன். மழைக்காலத்தில் கடைந்தபோது வட்டமாக இருந்தது தை மாதத்தில் நீள்வட்டமாகிவிட்டது. மரம் காயும்போது ஆண்டு வளையத்தின் ஓட்டத்தில் சுருங்கும் அளவு, குறுக்கே சுருங்குவதைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு. கிண்ணத்துக்கும் டிரைவர் தட்டுக்கும் நடுவே நகம் நுழையும் இடைவெளி விழுந்தது. இடது காதில் தவில் காணாமல் போனது. 50 ஹெர்ட்ஸ் ஒலியை ஓடவிட்டு விரலால் விளிம்பைச் சுற்றி அழுத்திக்கொண்டே வந்தபோது, ஓரிடத்தில் ஒலி சட்டென்று பருத்தது. ஓட்டை அங்கேதான். பழைய சைக்கிள் டியூபை வளையமாக வெட்டி நடுவே வைத்து இறுக்கினேன். மோல்மின் வாசற்கால் தேக்கு இத்தனை ஆண்டுகளில் இம்மிகூட அசையவில்லை. தேக்கை நான் இன்னும் விரும்புவது இந்தக் குணத்துக்காகத்தான்.

பஞ்சைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். எல்லோரும் கம்பளியைப் பரிந்துரைக்கிறார்கள். கம்பளி எங்கள் மழைக்காலத்தில் ஈரத்தைக் குடித்துக் கட்டியாகிவிடுகிறது. தலையணைக்கு அடைக்கும் இலவம்பஞ்சின் நாருக்கு மெழுகுத் தன்மை உண்டு, ஈரத்தை ஏற்காது. ஆனால் அது பறக்கும். டிரைவரின் பின்துளைக்குள் ஒரு நார் நுழைந்துவிட்டால் கரகரப்பு வரும். மல் துணியில் சிறு பொட்டலமாகக் கட்டி, கிண்ணத்தின் ஆழமான பக்கத்தில் மட்டும் வைக்கிறேன். மேல் ஸ்தாயியின் எதிரொலியை அது பிடித்துக்கொள்கிறது. காற்றின் சுருள்வில்லையும் சற்றுத் தளர்த்துவதால், கிண்ணம் உண்மையில் இருப்பதைவிடப் பெரிதாக நடந்துகொள்கிறது. திணித்து அடைத்தால் நாதஸ்வரம், தவில் இரண்டும் உயிரிழந்து போகும். அளவு கைப்பழக்கத்தில்தான் வரும்.

நான்காம் ஜோடி மீண்டும் தேக்கு. கடைந்த பிறகு அதைப் பகானுக்கு அருகில் மியின்கபாவில் உள்ள ஓர் அரக்குப் பட்டறைக்கு அனுப்பினேன். இந்நாட்டு அரக்கு தித்சி மரத்தின் பால். உருஷிக்கு நெருங்கிய உறவினம், தோலில் பட்டால் அதைப் போலவே தடிக்கும். பெரும்பாலான பூச்சுகள் வறண்ட காற்றில் உலரும்போது, உருஷியைப் போலவே இது ஈரக் காற்றில்தான் இறுகும். அதற்காகவே பட்டறைக்காரர்கள் பாத்திரங்களை நிலவறையில் வைத்து, ஒவ்வொரு பூச்சுக்கும் ஒரு வாரம் போலக் காத்திருக்கிறார்கள். உள்ளும் புறமும் பூசச் சொன்னேன். பூச்சுக்கு முன்னும் பின்னும் எடுத்த அளவீடுகளில் வேறுபாடு இல்லை. மரத்தின் துளைகள் அடைபட்டு ஈரம் புகாமல் நின்றுவிட்டது, எனக்கு வேண்டியதும் அதுதான். நான்கு மாதம் கழித்துக் கறுப்பில் சிவப்பு வரி ஓடும் இரண்டு கிண்ணங்கள் வைக்கோலில் சுற்றி வந்து சேர்ந்தன. கையில் எடுத்தால் குளிர்ச்சியாக, தண்ணீரில் நனைந்த கூழாங்கல் போல இருக்கின்றன. 80 மி.லி. கொள்ளளவு, சாய்ந்த அடி, மல் துணிப் பொட்டலம், சைக்கிள் டியூப் வளையம். மல்லாரி தொடங்கும் முன் நாயனக்காரர் மூச்சு இழுக்கும் சத்தம் இப்போது தனியாகக் கேட்கிறது. வரும் தை மாதம் திருகுகளைக் கழற்றி, வளையம் இன்னும் இறுக்கமாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.